விற்பனைக்கு அல்ல

லேபிள் நனையக் கூடாது. பாட்டில் கழுவுவதில் கஷ்டம் அது ஒன்றுதான். வெந்நீரும் கல்லுப்பும் போட்டு, கட்டை விரலால் வாயைப் பொத்திக் குலுக்கினால் அடியில் ஒட்டின பாகு தானாக விட்டுவிடும், இரண்டு தரம் அலசினால் வாசனைகூட இருக்காது, ஆனால் மேலே சுற்றின காகிதம் நனைந்து ஓரம் கிளம்பினால் இவர் கண்ணுக்குத் தப்பாது. அதனால்தான் கண்ணாடி டேப் வாங்கி லேபிளைச் சுற்றி ஒட்டி வைத்திருக்கிறேன். என்னத்துக்கு இது என்று ஒரு நாள் கேட்டார். எண்ணெய்க் கை பட்டு எழுத்து அழியுதுங்க என்றேன். பொய் சொன்னால் எனக்குக் காது சூடாகும், அன்றைக்கும் சூடானது, இவர் என் காதைப் பார்க்கவில்லை, பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கி முருகன் படத்துக்கு முன்னால் வைத்தார், விபூதியை எடுத்து மூடி மேல் ஒரு கோடு இழுத்தார், பிறகு எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். புதுப் பாட்டில் வந்தால் இவருக்கு அது ஒரு வழக்கம், தறியில் புதுப் பாவு ஏற்றினால் சூடம் காட்டுவதைப் போல. பாட்டில் புதுசில்லை. உள்ளே இருப்பதும் அந்தக் கடை மருந்து இல்லை. தர்மாசுபத்திரியில் சும்மா கொடுத்த வலிப்பு மருந்து. ஆறு மாதமாக அதைத்தான் இந்தப் பாட்டிலில் ஊற்றி வைக்கிறேன், ஆறு மாதமாக இவர் அதற்குத்தான் விபூதி பூசுகிறார், என் பிள்ளை கல்யா ஆறு மாதமாக அதைத்தான் காலையில் ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி குடிக்கிறாள், ஒரு தரம்கூட வெட்டி இழுக்கவில்லை. முருகனுக்குத் தெரியும். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கழுவின இரண்டு பாட்டிலையும் கவிழ்த்து வாசல்படியில் வெயில் விழுகிற இடத்தில் வைக்கிறேன், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் மருந்து இளகிவிடும், அதில் மட்டும் நான் ஏமாற்ற மாட்டேன். தெரு முழுக்கத் தறி ஓடுகிறது, தடக்குத் தடக்கு, தடக்குத் தடக்கு, அந்தச் சத்தம் இருக்கிறவரைக்கும் இவர் வர மாட்டார், பன்னிரண்டரைக்குத்தான் சோற்றுக்கு வருவார், அதற்குள் ஊற்றி மூடிவிடலாம்.

இரண்டும் ஒரே மருந்து என்று எனக்கு யாரும் நிரூபித்துக் காட்டவில்லை, நானேதான் பார்த்தேன். அங்கன்வாடி தேவகி டீச்சர் முதலில் சொன்னபோது நம்பவில்லை. அம்மிணி, அதே மருந்துதான், மேல சட்டதான் வேற, எதுக்கு இப்படிக் காசக் கரைக்கறீங்க, பத்து நாளைக்கு ஒரு பாட்டிலு, அந்த மனுசன் ரெண்டு சிப்டு ஓட்டி முதுகெலும்பு தெரியறாப்பல ஆயிட்டாரு என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு முந்தானை நுனியைத் திருகினேன், எனக்கு யாராவது நேராகப் பேசினால் அதுதான் வரும். பிறகு அவரே ஒரு செவ்வாய்க்கிழமை இவர் தறிக்குப் போன பிறகு என்னையும் கல்யாவையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். வரிசை நீளம்தான், மின்விசிறி ஒன்றுதான் சுற்றியது, ஆனால் டாக்டர் பழைய சீட்டை எல்லாம் திருப்பித் திருப்பிப் படித்தார், கல்யாவை எடை போட்டுப் பார்த்தார், இதே அளவு, இதே மருந்து, விட்டுறாதீங்க என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நான் ஆறாவதோடு நின்றவள், இங்கிலீசு சேர்த்துப் படிக்க வராது, எழுத்துத் தெரியும். பெரிய எழுத்தில் இருந்த பேர் வேறு வேறாக இருந்தது. கீழே எறும்பு ஊர்வது மாதிரி சின்ன எழுத்தில் இன்னொரு பேர் இருந்தது, அதில் விரலை வைத்தேன், இந்தப் பாட்டிலில் ஓர் எழுத்து, அந்தப் பாட்டிலில் ஓர் எழுத்து, பள்ளிக்கூடத்தில் பொருத்துக விடைக்குக் கோடு போட்ட மாதிரி, முதல் எழுத்து சரி, இரண்டாவது சரி, கடைசி எழுத்துவரைக்கும் சரி. பக்கத்தில் மருந்து அளவு போட்டிருந்த இருநூறும் ஐந்தும்கூடச் சரி. மூன்று தரம் பார்த்தேன். மேல் பேர் போக வேறாக இருந்தது ஒன்றுதான், ஆஸ்பத்திரியில் கொடுத்த இந்த வெள்ளைப் பாட்டிலில் சிவப்பில் தமிழில் போட்டிருந்தது, விற்பனைக்கு அல்ல. அந்த ஒன்றை மட்டும் நிறுத்தாமல் படித்தேன். கல்யாவுக்குத்தான் முதலில் தெரிந்தது, நாக்கில் வைத்ததுமே, அம்மா இது அந்த டாட்டர் மருந்து, பஸ்ஸுல போனோமே அது என்றாள். அப்பாகிட்டச் சொல்லக் கூடாது சாமி, சொன்னா அப்பாவுக்குக் காச்சல் வரும் என்றேன். நாலு வயசுப் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக் கொடுத்தவள் நான். அன்றையிலிருந்து இவர் பாட்டிலை எடுக்கும்போதெல்லாம் அவள் என்னைப் பார்ப்பாள், இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக்கொள்வாள், அப்படியே என்னை மாதிரி.

ஒரு பாட்டில் காய்ந்துவிட்டது. புனல் எங்கே வைத்தேன், இங்கேதான், மண்ணெண்ணெய்ப் புனல் இல்லை இது, தனியாக வாங்கினது. ஊற்றும்போது நூல் மாதிரி ஊற்ற வேண்டும், வேகமாக ஊற்றினால் நுரை கட்டி வழிந்துவிடும். இதை இவருக்குச் சொன்னால்தான் என்ன. டீச்சர் கேட்டார் அப்படி. நல்ல சங்கதிதான, புள்ளைக்கு வலிப்பு நின்னிருக்குது, காசும் மிச்சம், சொல்லிரு அம்மிணி என்றார். டீச்சருக்குத் தெரியாது. எங்கள் முதல் குழந்தை தர்மாசுபத்திரியில்தான் செத்தான். அப்படித்தான் இவர் சொல்வார். பொறந்து பத்தொம்பது நாள், பேர் வைக்கவில்லை, ஏட்டில் கோகிலா குழந்தை என்றுதான் எழுதியிருந்தது. மூச்சு இழுத்து இழுத்து விட்டான் என்று நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், ஏசி, வழுவழுவென்று தரை, நடந்தால் நம் முகம் தெரியும், எட்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். என் மூக்குத்தி போனது, இவர் அம்மா தோடு போனது, முதலாளியிடம் கையேந்தி வாங்கினது போனது. எட்டாம் நாள் மத்தியானம், இனிமேல் கட்ட ஒன்றும் இல்லை என்று இவர் கீழே போய்ச் சொல்லிவிட்டு வந்த ஒரு மணி நேரத்துக்குள் பெரிய டாக்டர் மாடிக்கு வந்து, இதுக்கு மேல இங்க வசதி பத்தாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க என்றார். அவர்கள் வண்டியிலேயே தர்மாசுபத்திரிக்கு அனுப்பினார்கள். இவர் முன்னால் டிரைவர் பக்கத்தில். நான் பின்னால், மடியில் அவன், பக்கத்தில் மூச்சுக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு நர்ஸ் பெண், அவளுக்கும் என் வயசுதான் இருக்கும், ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆற்றுப் பாலம் வந்தது. பாலத்தில் இணைப்புக்கு இணைப்பு வண்டி தூக்கிப் போடும், அவன் கால் என் உள்ளங்கைக்குள் இருந்தது, ஒரு பாதம், என் கட்டை விரல் நீளம்தான், நான் அதை விடவே இல்லை. வேண்டாம், இதை ஊற்றும்போது நினைக்கக் கூடாது, பார், வழிந்துவிட்டது, லேபிளில் படவில்லை, டேப் இருக்கிறது, துணியால் ஒற்றி எடுத்துவிடலாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவனைக் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு லேடி டாக்டர், சின்னப் பெண்தான், கண்ணாடி போட்டிருந்தார், இரண்டே விரலால் அவன் நெஞ்சை அமுக்கினார், அமுக்கினார், எண்ணிக்கொண்டே அமுக்கினார், நெற்றியிலிருந்து வேர்வை அவன் வயிற்றில் சொட்டியது, ஒரு சிஸ்டர் துடைத்துவிட்டார். அரை மணி நேரம். பிறகு நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துத்தான் கேட்டார், வர்ற வழியில எப்படிம்மா இருந்தான் என்று. நல்லாத்தான் இருந்தான் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன். இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இல்லை, தெரியும், சொல்லிவிட்டால் ஆகிவிடும் என்று இருந்தது, நான் வாயைத் திறக்காதவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று இருந்தது. இவர் பின்னால் நின்று அதைக் கேட்டார். நல்லாத்தான இருந்தான், நல்லா இருந்த புள்ளையக் கொன்னுட்டீங்களேடி என்று கத்தினார், செருப்பைக் கழற்றி எறிந்தார், அது அந்த டாக்டர் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. போலீஸ்காரர் வந்து இவரைச் சட்டையோடு இழுத்துக்கொண்டு போனார். நான் சுவரோரம் உட்கார்ந்து அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், வார் பிய்ந்து ஊக்குக் குத்தியிருந்தது, நான்தான் குத்திக் கொடுத்தேன். எட்டு நாள் வைத்திருந்து கையை விரித்த இடத்தின் மேல் இவருக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. அரை மணி நேரம் நெஞ்சை அமுக்கின இடத்தின் மேல்தான். அவங்க கைல இருந்தவரைக்கும் உசுரு இருந்துச்சில்ல என்பார். காசு தீர்ந்ததும் அனுப்பினார்கள், அனுப்பின இடத்தில் செத்தான், செத்த இடத்துக்குப் பேர் கெட்டுப் போச்சு, இவ்வளவுதான், ஆனால் இவ்வளவையும் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் கிடையாது. கல்யாவுக்கு முதல் தரம் வலிப்பு வந்து கண் மேலே செருகி வாயில் நுரை தள்ளினபோது டீச்சர்தான் தர்மாசுபத்திரி என்றார், இவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு தடவ குடுத்தது பத்தாதா என்று எதிர்ப்பக்கம் நர்சிங் ஹோமுக்கே ஓடினார். மருந்து வாங்க மாதம் ஒரு தரம் நான் தர்மாசுபத்திரிக்குப் போகிறேன். ஒரு நாள் அந்த லேடி டாக்டரை வராந்தாவில் பார்த்தேன், கையில் டீ டம்ளர், யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டு போனார். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். மன்னிச்சுக்குங்க என்று சொல்லியிருக்கலாம். வரிசை போய்விடுமே என்று நின்றேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாதிதான் ரொம்பியிருக்கிறது. இதற்கு மேல் கை ஓடவில்லை. காலையிலிருந்தே ஓடவில்லை, அந்தத் துண்டைப் பார்த்ததிலிருந்து. இவருக்கு நாலு மாதமாக இருமல். தறிக்காரனுக்கு இருமலு, லாரிக்காரனுக்கு ஆரனு, ரெண்டும் இல்லாம வண்டி ஓடாது புள்ள என்று சிரிப்பார், கூட ஓட்டுகிறவர்கள்கூட, கதிரேசு, நீ இருமுனா உன் தறி ரெண்டு முழம் சேத்து ஓடுதப்பா என்று கேலி பேசுவார்கள் என்று அவரே வந்து சொல்வார், சொல்லி முடிப்பதற்குள் இருமுவார். பஞ்சுத் தூசி என்றார். சாயந்தரம் ஆனால் உடம்பு கதகதவென்று இருக்கிறதே என்றால் வெயில் என்றார். மார்கழியில் என்ன வெயில். இன்றைக்கு ஊறவைக்கிறதுக்குத் துண்டை உதறினேன், இவர் என்றைக்கும் துண்டைச் சுருட்டித்தான் போடுவார், இன்றைக்கு மடித்துப் போட்டிருந்தார், நாலாக மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து. பிரித்தால் நடுவில் ரத்தம். ஒரு தீக்குச்சித் தலை அளவு இரண்டு, இழுவின மாதிரி ஒன்று. வெற்றிலை போடுகிறவர் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு வாளிக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் தெரியவில்லை. எனக்குத் தெரியக் கூடாது என்று மடித்திருக்கிறார். நான் லேபிளுக்கு டேப் ஒட்டுகிற மாதிரி. ஒரே அறை வீடு, ஒரே பாயில் படுக்கிறோம், நடுவில் பிள்ளை, அந்தப் பக்கம் அவர் ஒன்றை மறைக்கிறார், இந்தப் பக்கம் நான் இரண்டு. டீச்சரிடம் இன்றைக்குக் கல்யாவை விடும்போது கேட்டுவிட்டேன், வேறு யாருக்கோ கேட்கிற மாதிரி, அவருக்கு என் மூஞ்சியே போதும். சளிய எடுத்துப் பாப்பாங்க அம்மிணி, அந்தக் காச நோவுனாக்கூட இப்பப் பயமில்ல, ஆறு மாசம் மாத்திர, அத்தனையும் தர்மாசுபத்திரில சும்மாவே குடுப்பாங்க, ஆனா நாள் கடத்தக் கூடாது, அந்தப் புள்ளையும் கூடத்தான படுக்குது, மாத்திர ஆரம்பிக்கறவரைக்கும் தள்ளிப் படுக்க வெய்யி என்றார். கல்யா. நடுவில் படுப்பவள். அவர் மூச்சு நேராக அவள் நெற்றியில்தான் விழும். ஆனால் இவர் அந்த வாசலை மிதிக்க மாட்டார். பணம் கட்டிப் பார்க்கிற இடத்துக்கும் போக மாட்டார், தனக்குச் செலவு செய்தால் பிள்ளை மருந்துக்குக் குறையும் என்று நினைக்கிறார், அதனால்தான் மடிக்கிறார், அதனால்தான் இரண்டாவது ஷிப்டு. அவர் மருந்துக்கென்று கொடுக்கிற பணம் எல்லாம் அந்த மருந்து வந்த அட்டைப் பெட்டிக்குள்ளேயே அரிசித் தவலைக்கு அடியில் இருக்கிறது, ஒரு நோட்டு எடுத்ததில்லை, எடுக்கவும் பயம், கொடுக்கவும் பயம். மனுசன் ரத்தம் துப்பிச் சம்பாதிக்கிறது மருந்தாகவும் ஆகாமல் சோறாகவும் ஆகாமல் அங்கே கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு இவரை அந்த வழுவழுத் தரைக்கே கூட்டிப் போகலாமா, படம் எடுப்பார்கள், இன்னொரு படம் எடுப்பார்கள், ஒரு வாரம் படுக்க வைப்பார்கள், பெட்டி காலியான அன்றைக்கு மாடிக்கு வந்து வசதி பத்தாது என்பார்கள், மறுபடியும் அந்த வண்டி, மறுபடியும் அந்தப் பாலம், இந்தத் தரம் என் மடியில் இவர் தலை. இல்லை. முதலிலேயே அங்கே போக வேண்டும். நடந்து போகிற காலத்திலேயே போக வேண்டும். போக வைக்க வேண்டும் என்றால் கல்யா குடிப்பது எது என்று சொல்ல வேண்டும், அதைச் சொன்னால், அங்கேயா போனே, என் புள்ளையக் கொன்ன எடத்துக்கா போனே என்பார், அப்போது அங்கே கொல்லவில்லை என்று சொல்ல வேண்டும், அதைச் சொல்ல வேண்டும் என்றால்,

சத்தம் நின்றுவிட்டது. ஒரு தறி இல்லை, தெரு முழுக்க, ஒரே மூச்சில். காதுக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது. கரண்டு போய்விட்டது, மாதாந்திர கட் இன்றைக்குத்தானா, நேற்று மைக்கில் சொன்னார்களே, நான் எங்கே கேட்டேன். வந்துவிடுவார். தறிக் குடோனிலிருந்து நம் வீட்டுக்கு நடந்தால் எவ்வளவு நேரம், பீடிகூடக் குடிப்பதில்லை இப்போது, நேராக வந்துவிடுவார். பாட்டில் பாதிதான் இருக்கிறது, மீதியை ஊற்றி மூடி, வெள்ளைப் பாட்டிலைத் தவலைக்குப் பின்னால் தள்ளி, புனலைக் கழுவி, எத்தனை தரம் செய்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். தூரத்தில் இருமல் கேட்கிறது. தறிச் சத்தத்தில் இத்தனை நாளும் கேட்டதில்லை, முக்குத் திரும்பும்போதே கேட்கிறது, நின்று இருமுகிறார், நடக்கிறார், நின்று இருமுகிறார். கை அதுபாட்டுக்கு வெள்ளைப் பாட்டிலை எடுக்கிறது, தவலைக்குப் போகவில்லை, எழுந்து முருகன் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறேன், சிவப்பெழுத்து வாசலைப் பார்த்த மாதிரி. பக்கத்தில் அந்தத் துண்டு, துவைக்கவில்லை அதை, வாளியில் போடாமல் எடுத்து வைத்துவிட்டேன், அதையும் நாலாக மடித்தே வைக்கிறேன், அவர் மடித்த மாதிரியே. விபூதி எடுத்து வெள்ளை மூடி மேல் ஒரு கோடு இழுக்கிறேன், கோடு கோணலாகப் போகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது. ஏனுங்க, கல்யா குடிக்கிறது இதுதானுங்க என்றா. ஏனுங்க, துண்டப் பாத்துட்டனுங்க என்றா. அடிக்கட்டும். அவர் அடிக்கிறவர் இல்லை, அதுதான் கஷ்டம், உட்கார்ந்துவிடுவார், அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து கையைப் பார்ப்பார். ஆறு வருசமாக அந்தச் செருப்பு எறிந்த கையைச் சரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதையும் நான் அவரிடமிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் அவருக்கு. மிச்சம் உசிர் இருக்கும். கல்யா இருப்பாள். வாசலில் செருப்பு விடுகிற சத்தம், வாசல்படியில் காயவைத்த இன்னொரு பாட்டில் காலில் பட்டு உருளுகிறது, அவர் அதைக் குனிந்து எடுக்கிறார், டேப் ஒட்டின வெறும் பாட்டில், கோகிலா, ஏ புள்ள, இங்க வா, இதென்ன கழுவிக் கவுத்திருக்குது என்கிறார், கோபம் இல்லாமல்தான் கேட்கிறார், இருமிக்கொண்டே கேட்கிறார், வந்துட்டனுங்க, கை பிசுபிசுவென்று இருக்கிறது, புடவையிலேயே துடைத்துக்கொள்கிறேன், பாட்டில் இல்லை, துண்டு இல்லை, முதலில் பாலம், எல்லாம் அதிலிருந்துதான், காது சூடாகவில்லை, சொல்லிவிடலாம், ஏனுங்க, அன்னைக்கு ஆத்துப் பாலத்து மேல வண்டி போறப்பவே நம்ம பாப்பா காலு என் கைக்குள்ள சில்லுனு